இரண்டாவது புரோக்கர்

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் "புரோக்கரைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வதை நான் நிறுத்திப் பல வருடமாகிறது. சுங்கைப் பட்டாணியில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஜாதகக் கட்டோடு வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, முறுக்கைக் குறை சொல்லிவிட்டுப் போகும் ஆள். நாற்பத்தொரு வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளாத குணசுந்தரி, அதாவது நான், புரோக்கர் என்று வாயெடுத்தால் கேட்பவர்கள் முகத்தில் ஒரு கனிவு வரும். அந்தக் கனிவைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் புரோக்கர் ஒரு மென்பொருள். கம்பிப்பாலத் தோட்டத்துக்கு மேலே, மலையிலிருந்து இறங்கும் ஆற்றில், நான்கு இடங்களில் எங்கள் கம்பெனி நீர்மட்டக் கருவி வைத்திருக்கிறது. பத்து விநாடிக்கு ஒருமுறை, தண்ணீர் இத்தனை உயரம் என்று ஒவ்வொன்றும் செய்தி அனுப்பும். கீழே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு சைரன். கருவிகள் சைரனோடு நேரடியாகப் பேசாது. நடுவில் ஒருவன் செய்திகளை வாங்கி, வரிசை குலையாமல் வைத்திருந்து, சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பான். அவன்தான் புரோக்கர். எங்கள் ஆபீஸ் பின்னறையில், ஏர்கோனுக்குக் கீழே, ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருந்தான். போன வருடம்வரை அவன் ஒருவன்தான்.

போன வருடம் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் நான் ஏன் இந்தப் பாடு பட்டேன் என்று யாருக்கும் விளங்காது.

கம்பிப்பாலத் தோட்டத்து லயத்தில் கடைசி வீடு புஷ்பவள்ளி அக்காவுடையது. வீட்டுக்குப் பின்னால் இருபது அடியில் ஆறு. அவர் கணவர் சின்னையா அண்ணன் முன்பு தோட்டத்தில் கிராணி. விடியற்காலை பெரட்டுக் களத்தில் ஆள் பேர் கூப்பிட்டுக் கணக்கெடுத்தவர். கசங்கிய சட்டையோடு ஒரு நாளும் பெரட்டுக்கு வந்ததில்லை என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். சர்க்கரை வியாதியில் இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. அவரைக் கட்டிலிலிருந்து இறக்கி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, சரிவான மண் சடக்குப் பாதையில் தள்ளிக்கொண்டு மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக அக்காவுக்குச் சரியாக இருபது நிமிஷம் ஆகும்.

போன வருடம் மலையில் பெருமழை பெய்த அன்று, இங்கே சுங்கைப் பட்டாணியில் இடி இறங்கி எங்கள் ஆபீஸில் கரண்டு போனது. புரோக்கர் இருபத்தாறு நிமிஷம் செத்துக் கிடந்தான். அந்த நேரத்தில் வந்த செய்திகளை வாங்க ஆளில்லை. அதைவிட மோசம், ஏற்கனவே வாங்கி வைத்திருந்தவையும் போயின. எல்லாவற்றையும் ஞாபகத்திலேயே வைத்திருந்தான், எதையும் எழுதி வைக்கவில்லை. சைரன் ஊதவில்லை. லயத்தில் தண்ணீர் நெஞ்சு மட்டத்துக்கு ஏறியபோது இரண்டு பேர் சன்னலை உடைத்துச் சின்னையா அண்ணனை வெளியே தூக்கினார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் திட்டவில்லை.

"உசிரு போயிருந்தாலும் பரவால்ல குணா," என்றார். "வெறும் ஒடம்போட, ஒரு கைலிய சுத்திக்கிட்டு, லயத்துல அத்தன பேரும் பாக்க என்னைய தூக்கிட்டுப் போனானுங்க பாரு. அதுதான்." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். "எனக்கு மிஷினப் பத்தியெல்லாம் தெரியாது. முன்னாடியே ஒரு இருபது நிமிஷம் குடு. அது போதும்."

"தரேன்க்கா," என்றேன். சொன்ன வாயைக் கழுவிக்கொண்டு போக எனக்கு வராது. அன்றிலிருந்து அந்த இருபது நிமிஷம் என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது புரோக்கரை அலோர் ஸ்டாரில், எங்கள் மேலாளர் ஜெயசங்கர் சாரின் ஆபீஸில் வைத்தேன். முதலாமவன் ஒரு செய்தியை வாங்கியதும் முதலில் ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவான். பிறகு இரண்டாமவனுக்கு ஒரு நகல் அனுப்புவான். இரண்டாமவனும் எழுதி முடித்த பிறகுதான் மலையிலிருக்கும் கருவிக்கு "கிடைத்தது" என்று பதில் போகும். அந்தப் பதில் வரும்வரை கருவி தன் செய்தியைக் கைவிடாது. ஆக, எந்த நேரத்திலும் ஒவ்வொரு செய்தியும் யாராவது ஒருவர் கையில் பத்திரமாக இருக்கும்.

முதலாமவன் செத்தால் இரண்டாமவனுக்கு எப்படித் தெரியும்? இதற்கு நான் எங்கும் போய்ப் படிக்க வேண்டியிருக்கவில்லை, தோட்டத்துப் பெரட்டே போதும். பேர் கூப்பிட்டுக் குரல் வராவிட்டால், அந்த ஆள் பால் வெட்ட வேண்டிய ரப்பர் மரநிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வேலை நிற்காது. அதேபோல இரண்டாமவன் விநாடிக்கு ஒருமுறை முதலாமவனைக் கூப்பிடுவான். மூன்று முறை குரல் வராவிட்டால் நிரையைத் தான் எடுத்துக்கொள்வான்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. முதலாமவன் சாகவில்லை, நடுவில் கம்பிதான் அறுந்தது என்றால்? அவனும் தான்தான் தலைவன் என்பான், இவனும் தான்தான் தலைவன் என்பான். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கு நான்கு வருடம் இரண்டு தலைவர்கள் இருந்தார்கள். இரண்டு ரசீதுப் புத்தகம், இரண்டு பூட்டு, இரண்டு தீமிதி. அம்மனே எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள். சைரனுக்கு அந்த நிலை வந்தால் ஒருவன் ஊது என்பான், ஒருவன் நிறுத்து என்பான். அதனால் பெண்டாங்கில், நெல்வயல் வாய்க்காலுக்காக நாங்கள் வைத்திருக்கும் சின்ன அறையில், மூன்றாவதாக ஒரு பெட்டி வைத்தேன். அதற்குச் செய்தி வாங்கும் வேலை இல்லை. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்து ஓட்டுப் போடும் வேலை மட்டும். மூவரில் இருவர் ஒத்துக்கொண்டால்தான் ஒருவன் தலைவன்.

ஜூலையில் எல்லாம் எழுதி முடித்தேன். ஆனால் உண்மையிலேயே முதலாமவனின் உயிரைப் பிடுங்கி, இரண்டாமவன் எழுந்து நிற்கிறானா என்று சோதிக்கவில்லை. மூன்று முறை தேதி குறித்து மூன்று முறையும் தள்ளிப்போட்டேன். மழை குறையட்டும் என்று மற்றவர்களிடம் சொன்னேன். எனக்குப் பயம். அந்தச் சுவிட்சில் கை வைக்கும்போதெல்லாம் உடைந்த சன்னல் கண்ணுக்கு முன் வந்து நின்றது. இதை நான் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

பயந்தவள் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் காளிதாசன் அண்ணன் பின்னறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆபீஸில் பியூஸ் போடுவதிலிருந்து வேன் ஓட்டுவதுவரை எல்லாம் அவர்தான். பக்திமான். ஸ்குரூடிரைவரைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் எடுப்பார்.

"ரெண்டு புரோக்கர் வச்சிருக்கியாமே தங்கச்சி," என்று சிரித்தார். "அப்பக்கூட ஒரு மாப்ள அமையலியா?"

எனக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுக்க மனசு வராமல், "கிண்டல் பண்ணாதீங்கண்ணே. இனிமே இந்த மிஷினு செத்தாலும் ஒண்ணும் ஆவாது. ஒரு மெசேஜ்கூடத் தவறாது," என்றேன்.

அவர் துணியைக் கீழே வைத்தார். "நெசமாவா?"

"நெசமாத்தான்லா. நான் செஞ்சது."

அவர் அந்தக் கறுப்புப் பெட்டியை ஒரு தரம் பார்த்தார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை நான் அலோர் ஸ்டாரில் இருந்தேன். ஜெயசங்கர் சாருக்கு என்னை மாதிரித் தோட்ட வழி கிடையாது. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். பேச்சில் இன்னும் அந்த வாடை இருக்கும்.

"பிள்ளை, டெஸ்ட் செய்து பார்த்தனீரோ?" என்று கேட்டார்.

"அடுத்த வாரம் சார்."

"போன வாரமும் இதைத்தானே சொன்னனீர்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. ஸ்கிரீனைப் பார்த்தேன். மணி பத்து பன்னிரண்டு. இரண்டாமவன் முதலாமவனைக் கூப்பிட்டான், குரல் வரவில்லை. மறுபடி கூப்பிட்டான், வரவில்லை. மூன்றாம் முறையும் வரவில்லை.

பெண்டாங்கை அவன் கேட்டான். உனக்கு அவன் குரல் கேட்கிறதா? கேட்கவில்லை என்று பதில் வந்தது. அடுத்த வரியில் எழுத்து பச்சையாக மாறியது. தலைமையை நான் ஏற்கிறேன் என்பது அதன் பொருள்.

எல்லாம் நான்கே விநாடி. அந்த நான்கு விநாடியும் மலையிலிருந்த கருவிகள் தங்கள் செய்திகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. புது விலாசம் கிடைத்ததும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து கொடுத்தன. ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் உண்டு. ஸ்கிரீனில் விரல் வைத்து எண்ணினேன். நாற்பத்தெட்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. ஓர் எண்கூட விடுபடவில்லை. ஒவ்வொரு வரியையும் நானேதான் எழுதினேன், அதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனாலும் யாரும் தொடாமல், யாரையும் கேட்காமல், அது தானாக எழுந்து நின்றதைப் பார்த்தபோது இது நான் செய்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நீர் ஏதும் செய்தனீரோ?" என்றார் சார்.

"நான் கையே வக்கல சார். அங்க என்னமோ ஆயிருக்கு."

காளிதாசன் அண்ணனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். ஆபீஸ் போனையும் யாரும் எடுக்கவில்லை. அதற்குள் சார் ஸ்கிரீனைக் காட்டினார். மலை உச்சிக் கருவியில் மீட்டர் கணக்கில் ஒன்று புள்ளி ஒன்றாக இருந்த எண் ஒன்று புள்ளி நான்காகியிருந்தது.

அலோர் ஸ்டாரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே ஒருவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். மலையில் எவ்வளவு பெய்கிறது என்று அந்த எண்ணை வைத்துத்தான் எங்களுக்குத் தெரியும். ஒன்று புள்ளி எட்டு. இரண்டு. இரண்டு புள்ளி இரண்டு. இந்த ஆற்றை இருபது வருடமாக எனக்குத் தெரியும், அரை மணி நேரத்தில் ஓர் ஆளின் இடுப்பு உயரத்துக்கு மேல் ஏறுவதை நான் பார்த்ததில்லை. சின்னையா அண்ணன் இப்போது கட்டிலில் படுத்திருப்பார் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

பத்து நாற்பதுக்கு எண், ஆபத்து என்று நான் குறித்திருந்த இரண்டரையைத் தொட்டது. இரண்டாமவன் சைரனுக்குக் கட்டளை அனுப்பினான். சைரனிடமிருந்து பதில் வந்தது: ஒலிக்கிறேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் பின்னால் அந்த ஊளைச் சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

"கேக்குதுடி, கேக்குது! போன வையி!" என்று கத்திவிட்டு அக்கா வைத்துவிட்டார்.

நாங்கள் இருவரும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து ஐம்பத்தொன்பதுக்கு, நான் சற்றும் எதிர்பாராமல், முதலாமவன் கண் விழித்தான்.

அவனுக்குத் தெரிந்த கடைசி நீர்மட்டம் ஒன்று புள்ளி ஒன்று. அவனைப் பொறுத்தவரை ஆறு அமைதியாக ஓடுகிறது. அவன் வந்த வேகத்தில் நான்தான் தலைவன் என்று சொல்லிவிட்டால் சைரனை நிறுத்தச் சொல்வான். சைரன் ஊதத் தொடங்கிப் பத்தொன்பது நிமிஷம்தான் ஆகியிருந்தது. அக்கா சரிவின் நடுவில் இருப்பார். சைரன் நின்றால், ஆபத்து இல்லை என்று லயத்து ஆட்கள் சாமான் எடுக்கத் திரும்பி இறங்குவார்கள். நாற்காலியின் கைப்பிடியை நான் பிடித்த பிடியில் நகம் ஒன்று பெயர்ந்தது, அது பிறகுதான் தெரிந்தது.

முதலாமவன் கேட்டான்: இப்போது தலைவன் யார்? இரண்டாமவன் நான் என்றான். பெண்டாங் அவன்தான் என்றது. இரண்டு ஓட்டு. முதலாமவன் ஒரு விநாடி தாமதித்தான். பிறகு ஒரு வரி வந்தது: பின்தொடர்கிறேன்.

அதோடு விடவில்லை. தான் இல்லாத நாற்பத்தேழு நிமிஷத்தில் வந்ததையெல்லாம் கொடு என்று இரண்டாமவனிடம் கேட்டு வாங்கி எழுதிக்கொள்ள ஆரம்பித்தான். ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு செய்திகள். சைரன் ஒரு விநாடிகூட நிற்கவில்லை.

ஜெயசங்கர் சார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். "பிள்ளை," என்றார் மெதுவாக, "போன பதவியைத் திருப்பிக் கேளாமல் இருக்கிறது எங்கட சங்கத்தில ஆருக்கும் தெரியாது." நான் சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது. அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு எனக்கு ஒரு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்.

அப்போது போன் அடித்தது. காளிதாசன் அண்ணன்.

"என்னா தங்கச்சி, ஒம்பது மிஸ்கால்? போன சாமிகிட்ட வச்சிருந்தேன். சந்தனம் பூசுனதுல ஸ்கிரீனே தெரியல."

"அண்ணே, மிஷினுக்கு என்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. பூஜ போட்டேன். வருசம் முச்சூடும் ஓடுதே, இன்னிக்கி ஒரு நாளாச்சும் அதுக்கு லீவு வேணும்லா? சுவிட்ச அடச்சிட்டு, தொடச்சி, பொட்டு வச்சி, மால போட்டேன். எலுமிச்சம்பழம் வெட்டிட்டு இப்பதான் தொறந்தேன்."

நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நீதானே சொன்ன," என்றார் கடைசியில், குரல் இறங்கி. "செத்தாலும் ஒண்ணும் ஆவாதுன்னு. ஒன்ன நம்பித்தான அடச்சேன். போன வருச பூஜைக்கு நான் அடைக்கலியே, பொட்டு மட்டுந்தான வச்சேன்."

மூன்று மாதமாக நான் கை வைக்கப் பயந்த சுவிட்சை, என் ஒரு வாய்ச் சொல்லை நம்பி, அந்த மனிதர் கற்பூரம் காட்டி அணைத்திருக்கிறார். நான் எழுதியதை என்னைவிட அவர் நம்பியிருக்கிறார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. "பிரசாதம் எடுத்து வைங்கண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

ஒன்றரை மணி நேர ஓட்டம். சடக்கின் மேட்டிலிருந்து பார்த்தபோது லயம் முழுவதும் செந்தண்ணீர். கடைசி வீட்டின் சன்னலுக்கு மேல் தண்ணீர் நின்றது. ஒரு பெரிய மரம் வேரோடு வந்து, புஷ்பவள்ளி அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. நேற்றுவரை ஆறாக இருந்தது இன்று இடத்தையே மாற்றிக்கொண்டிருந்தது. நான் காரிலிருந்து இறங்கி, அதைப் பார்த்துக் கைகூப்பினேன். பயமா பக்தியா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரே சத்தம். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், யாரோ தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சக்கர நாற்காலியில் சின்னையா அண்ணன், மடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. லயத்தில் நாற்பத்திரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டுப் பேரையும் அவர் கூப்பிட, அந்தந்த வீட்டார் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பேருக்கும் குரல் வந்தது. நோட்டை மூடினார்.

"பெரட்டு எடுத்தாச்சி குணா," என்றார் என்னைப் பார்த்து. "எல்லா ஆளும் இருக்கு."

அவர் நீலத்தில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். பையில் ஒரு பேனா.

"சைரன் ஊதி இருபத்திமூணு நிமிசம் கழிச்சித்தான் தண்ணி வீட்டுக்குள்ள வந்திச்சாம்," என்றார் அக்கா, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு. "எனக்கு இருபது போதும்னேன். மிச்ச மூணு நிமிசம் எங்க போச்சின்னு கேளு. அலமாரியத் தொறந்து இவருக்குச் சட்ட தேடுனதுல போச்சி. இந்தச் சட்டதான் வேணுமாம். தண்ணி வருதுய்யான்னா, பொத்தான் போடுன்னு அடம் புடிக்கிறாரு."

அண்ணன் தன் கைப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். அதில் நெடுக ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை.

"அடுத்த தடவ இன்னும் ஒரு அஞ்சு நிமிசம் சேத்துக் குடு குணா," என்றார். "அயர்ன் பண்ணணும்."